கிரிக்கெட் கார்டுல மொத்தமா நஷ்டம்... ஆனாலும் வரி கட்டணுமா?

போன ஜூன்ல ஊருக்கு, பிரம்மதேசத்துக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுத் தம்பிக்கு சென்னையில ஐடி வேலை. மொபைலை நீட்டினார். "அண்ணா, போன வருஷம் டிஜிட்டல் கிரிக்கெட் கார்டு வாங்கி வித்தேன். ஒண்ணுல 20,000 லாபம், இன்னொண்ணுல 25,000 நஷ்டம். மொத்தத்துல 5,000 போச்சு. இதை ஐடிஆர்ல காட்டணுமா?"

காட்டணும். வரியும் கட்டணும்.

ராரியோ, ஃபேன்கிரேஸ் மாதிரி தளங்கள்ல வந்த கார்டுகள் என்எஃப்டி வகை. வருமான வரியைப் பொறுத்தவரை இதுவும் கிரிப்டோவும் ஒரே கூட்டம். 2022 ஏப்ரல் 1 முதல் லாபத்துக்கு நேரா 30% வரி, அதுக்கு மேல 4% செஸ். வாங்கின விலையை மட்டும்தான் கழிக்கலாம். ஒரு கார்டுல வந்த நஷ்டத்தை இன்னொரு கார்டோட லாபத்துல கழிக்க முடியாது. அடுத்த வருஷத்துக்கும் கொண்டுபோக முடியாது.

கணக்கு போடுங்க. 20,000 லாபத்துக்கு வரி 6,240. நஷ்டம் 5,000. ஆக தம்பி கையை விட்டுப் போனது 11,240 ரூபாய். கேட்டதும் அவர் முகம் போன போக்கை வீடியோல காட்டியிருக்கணும்!

"நான் புது வரி முறை, 12 லட்சம் வரை வரி இல்லையே?" அடுத்த கேள்வி. 2025-26 நிதியாண்டுல இருந்து அந்தத் தள்ளுபடி இந்த மாதிரி தனி விகித வருமானத்துக்குக் கிடையாது. அப்புறம், ஃபார்ம்-16 வச்சு ஐடிஆர்-1 போட்டு முடிச்சிடலாம்னு நினைக்காதீங்க. ஐடிஆர்-2 வேணும், ஒவ்வொரு விற்பனையும் தேதியோட. தளம் 1% டிடிஎஸ் பிடிச்சிருந்தா அது உங்க ஏஐஎஸ்ல ஏற்கனவே உட்கார்ந்திருக்கும்.

அச்சடிச்ச அட்டை வேற கதை. முதலீடா வாங்கி 24 மாசத்துக்கு மேல வச்சு வித்தா 12.5%, நஷ்டத்தையும் விதிப்படி மத்த மூலதன ஆதாயத்துல கழிக்கலாம். ஆனா எல்லா அட்டைக்கும் விலை ஏறாது. 1952-ல டாப்ஸ் கம்பெனி போட்ட மிக்கி மேன்டில் பேஸ்பால் அட்டை ஒண்ணு 2022-ல 1.26 கோடி டாலருக்கு ஏலம் போச்சு. அந்தக் காலத்துல பசங்க கசக்கித் தூக்கிப்போட்டதால நல்ல நிலையில தப்பினது ரொம்பக் கம்மி. அதைப் பார்த்து எல்லாரும் பத்திரப்படுத்த ஆரம்பிச்ச 1980-களின் கடைசியில கம்பெனிகளும் அச்சடிச்சுத் தள்ளின. அந்த அட்டைகள்ல பெரும்பாலானதை இன்னிக்கு வாங்க ஆளில்ல.

தம்பிகிட்ட இன்னும் 3 டிஜிட்டல் கார்டு இருக்கு, மூணுமே நஷ்டத்துல. ஷேர்ல செய்யற மாதிரி மார்ச்ல வித்து வரியைக் குறைக்கலாமான்னு கேட்டார். வரிக்காக விக்க வேண்டாம், பைசா குறையாதுன்னு சொல்லிட்டு, வாங்கின ரசீதை எல்லாம் தேட ஆரம்பிச்சோம்.