தோற்றவர் ஏன் தலைவராக நீடித்தார்?

கேள்வி: தேர்தலில் தோற்று, விலகுவதாகவும் அறிவித்த ரிஷி சுனக் அதன் பிறகும் சில மாதங்கள் பிரித்தானிய எதிர்க்கட்சித் தலைவராக இருந்தாரே, ஏன்? நம் நாட்டில் இப்படி உண்டா?
– வாசகர், குறிஞ்சிப்பிட்டி

பதில்: அரசாங்கத்தைக் கேள்வி கேட்க ஆளில்லாத நாள் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதற்காகத்தான். 2024 ஜூலை 4 தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சி 121 ஆசனங்களுக்குச் சுருங்கியது. கட்சி உறுப்பினர்கள் வாக்களித்துப் புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்க மாதக்கணக்காகும். அதுவரைக்கும் சுனக் ஓர் இடைக்கால நிழல் அமைச்சரவையை அமைத்தார். நிதிக்கு ஜெரமி ஹன்ட், வெளிவிவகாரத்துக்கு ஆண்ட்ரூ மிட்செல் என்று அமைச்சர்களை எதிர்கொள்ளத் துறைக்கு ஒருவர். தொழிற்கட்சி அரசின் முதல் வரவுசெலவுத் திட்டம் அக்டோபர் 30இல் வந்தபோது, எதிரணியிலிருந்து எழுந்து பேசியவர் சுனக்தான். நவம்பர் 2இல் கெமி படேனோக் தலைவரானார்.

இங்கே இலங்கையில் எதிர்க்கட்சித் தலைவரைச் சபாநாயகர் அங்கீகரிக்கிறார். 1977இல் 18 ஆசனங்களோடு தமிழர் விடுதலைக் கூட்டணியின் அமிர்தலிங்கம் அந்தப் பதவிக்கு வந்தார். 1983இல் அரசியலமைப்பின் ஆறாம் திருத்தம் வந்து, கூட்டணியினர் ஆசனங்களை இழந்தபின், பதவி அநுர பண்டாரநாயக்கவுக்குப் போனது. 2018 டிசம்பரில் எதிர்க்கட்சித் தலைவர் இரா. சம்பந்தனா, மஹிந்த ராஜபக்சவா என்ற சர்ச்சை எழுந்து, அடுத்த மாதம்தான் தீர்ந்தது.

ஆனால் நிழல் அமைச்சரவை வழக்கம் நம்மிடம் வேரூன்றவே இல்லை. இதை நான் பெருங்குறையாகவே பார்க்கிறேன். கற்பிட்டிப் படகுகளுக்கு மண்ணெண்ணெய் விலை ஏறினால், மீன்பிடி அமைச்சரை மடக்கிக் கேட்க அந்தத் துறையையே நாள்தோறும் படிக்கும் எதிர்க்கட்சி உறுப்பினர் இவர்தான் என்று உங்களால் பெயர் சொல்ல முடிய வேண்டும்.