கைத்தொலைபேசி ஒப்பந்தமும் ரத்து செய்யும் உரிமையும்



செலாயாங் மொத்தச் சந்தையில் விடியுமுன் பேரம் பேசும் நம்மவர், ஒரு பெட்டித் தக்காளியை அடிவரை புரட்டிப் பார்க்காமல் காசைக் கொடுக்கமாட்டார். அதே அன்பர், கைத்தொலைபேசிக் கடையில் 24 மாத ஒப்பந்தத்தை நீட்டினால் ஒரு வரியும் வாசிக்காமல் கையொப்பமிட்டு விடுகிறார். மறுநாள் மனம் மாறிப் போய் நின்றால் அவருக்குள்ள உரிமை என்ன? அதனையே இவ்விதழில் ஆராய்வோம்.

பழைய போனைக் கொடுத்துவிட்டு உயர்ந்த போனுக்கு மாறும்போது, பழைய ஒப்பந்தமே நீளுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அப்படியல்ல. அன்றைய தேதியிலிருந்து புதிய ஒப்பந்தம் ஒன்று பிறக்கிறது. பழையதில் மாதங்கள் பாக்கியிருந்தால் அதற்கும் தொகை கேட்கப்படலாம்.

"14 நாளுக்குள் திருப்பிவிடலாம்" என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். அது பிரிட்டனின் 2013ஆம் ஆண்டு விதி. அங்கும் தொலைபேசி வழியாகவோ இணையத்திலோ கடைக்கு வெளியிலோ செய்த ஒப்பந்தங்களுக்கே அது பொருந்தும். கடைக்குள் நின்று கையொப்பமிட்டவருக்கு அல்ல. மலேசியாவில், 1993ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டம் வீடு தேடி வந்து விற்பவரிடம் செய்த ஒப்பந்தத்துக்கு 10 வேலை நாள் யோசிக்கும் அவகாசம் தருகிறது. நாமே கடைக்குச் சென்று செய்த ஒப்பந்தத்தை, மனம் மாறியது என்ற காரணத்துக்காக மட்டும் செலவின்றி ரத்து செய்யும் பொது உரிமை இங்கில்லை.

ஆயினும் நாம் கையற்றவர்கள் அல்லர். இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். விற்பவர் தவறான தகவல் கூறி நம் சம்மதத்தைப் பெற்றிருந்தால், 19ஆம் பிரிவின்படி அவ்வொப்பந்தத்தை நாம் விலக்கிக் கொள்ளலாம். ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கும் உண்டு. மோசடியான பொய்யாக இல்லாதவிடத்து, சாதாரணக் கவனத்துடன் பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்ற நிலையில் அவ்வுரிமை கிடைப்பதில்லை. வாசிக்காமல் கையொப்பமிட்டவருக்கு இங்கேதான் இடறல்.

இரண்டு, 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், 17ஆம் பிரிவு. வருங்காலத்தில் தொடர்ந்து கிடைக்கும் சேவைக்கான எழுத்து ஒப்பந்தத்தைப் பயனீட்டாளர் ரத்து செய்யலாம். அப்போது நிறுவனம் எடுக்கக்கூடியது முழு ஒப்பந்தத் தொகையில் நூற்றுக்கு 5, நாம் பெற்றுக்கொண்ட பொருளின் விலை, அதுவரை அனுபவித்த சேவையின் மதிப்பு ஆகியவையே. மாதம் 100 வெள்ளி வீதம் 24 மாதத்துக்கு 2,400 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், நூற்றுக்கு 5 என்பது 120 வெள்ளி. போனின் விலையும் பயன்படுத்திய மாதங்களும் தனி. மீதமுள்ள மாதங்கள் அனைத்துக்கும் பணம் கேட்கப்பட்டால், இப்பிரிவைக் காட்டி வாதாட இடமுண்டு.

இச்சட்டம் காப்பது சொந்த, குடும்ப உபயோகத்துக்கு வழக்கமாக வாங்கப்படும் பொருளையோ சேவையையோ பெறுவோரை. மறுவிற்பனைக்கு வாங்குவோரை அல்ல. கடையின் பெயரில் பத்து இணைப்பு எடுத்தால், "நீங்கள் பயனீட்டாளர் அல்லர்" என்று மறுப்பு எழக்கூடும். எனவே யார் பெயரில் எடுப்பது என்பதை முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

தகராறு வந்தால் முதலில் நிறுவனத்திடம் எழுத்து மூலம் புகார் செய்து, புகார் எண்ணைப் பெறுங்கள். தீராவிடில் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தை அணுகலாம். பயனீட்டாளர் நடுவர் மன்றம் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை விசாரிக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளியே, வழக்கறிஞர் தேவையில்லை.

நமது பிக்ஹு நூல்கள் இவ்விஷயத்தை "கியார்" என்ற தலைப்பில் விரிவாகப் பேசுகின்றன. வாங்குபவரும் விற்பவரும் அமர்ந்த இடத்தை விட்டுப் பிரியும் வரை வியாபாரத்தை முறித்துக்கொள்ளலாம் என்பது ஷாபி மத்ஹபின் நிலை. அதற்குப் பின்னும் அவகாசம் வேண்டுமானால் அதை நிபந்தனையாகப் பேசிக்கொள்ள வேண்டும். அதற்கு மூன்று நாள் எல்லை என்று இமாம் ஷாபியும் இமாம் அபூஹனீபாவும் வகுத்தனர். இதில் நமக்கொரு படிப்பினை இருக்கிறது. அவகாசத்தைப் பேரம் முடிந்தபின் கேட்பதில் பயனில்லை. பேசும்போதே நிபந்தனையாக வைக்க வேண்டும்.

ஆகவே, கையொப்பத்துக்கு முன் இந்நான்கையும் கேளுங்கள்:

1. பழைய ஒப்பந்தத்தில் எத்தனை மாதம் பாக்கி? அதற்கு எவ்வளவு?
2. புதிய ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடியும்?
3. இடையில் நிறுத்தினால் மாதவாரியாக எவ்வளவு கட்ட வேண்டும்?
4. பெட்டி பிரிக்காமல் சில நாளுக்குள் திருப்பினால் ஏற்பீர்களா?

நான்காவது கேள்விக்கு "ஆம்" என்று பதில் வந்தால், அதை அந்தத் தாளிலேயே எழுதி முத்திரையிடச் சொல்லுங்கள். வாய்ச்சொல் காற்றோடு போகும். சட்டம் தராத அவகாசத்தையும் எழுதி வாங்கிய ஒரு வரி தரும். தக்காளிப் பெட்டிக்குக் காட்டும் கவனத்தை இந்தத் தாளுக்கும் காட்டினால், இன்ஷா அல்லாஹ், மறுநாள் வாக்குவாதத்துக்கு இடமிராது.