மனையுறை உயிர்கள்: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு நோக்கு

சங்கப் புலவர்கள் பறவைகள் சிலவற்றிற்கு ‘மனையுறை’ என்னும் அடைமொழியைத் தந்துள்ளனர். குறுந்தொகையின் 46ஆம் பாடலில் மாமலாடனார் சிட்டுக்குருவிக்கு அதனைச் சூட்டுகிறார். நெடுநல்வாடையில் நக்கீரர் புறாவுக்குச் சூட்டுகிறார். குறுந்தொகை 139இல் ஒக்கூர் மாசாத்தியார் கோழிக்குச் சூட்டுகிறார். குருவியை யாரும் வளர்ப்பதில்லை. அது தானே வந்து இறைவாரத்தில் கூடு கட்டுகிறது. புறாவை வளர்ப்பாரும் உளர். வளர்க்காமலே கூரையில் இடங்கொடுத்தாரும் உளர். கோழியோ முற்றிலும் மனிதரை அண்டியது. இம்மூன்றையும் ஒரே சொல்லால் அழைத்தவர்கள், ‘இஃது என் உடைமை’ என்பதைவிட ‘இஃது என்னோடு உறைவது’ என்பதையே பெரிதாகக் கருதினர் போலும். இன்று நாம் வழங்கும் ‘செல்லப் பிராணி’ என்னும் தொடரில் கொஞ்சல் மிகுதி, உடனுறைதல் குறைவு. ஆதலின் இக்கட்டுரை முழுவதும் பழைய சொல்லையே கையாளுகிறேன்.

உடனுறைதல் இன்பம் மட்டும் தருவதன்று என்பதையும் அப்பாடல்களே காட்டுகின்றன. நக்கீரரின் புறா வாடைக் குளிரில் இரை தேடப் போகாமல், பகலும் இரவும் புரியாமல், கொடுங்கையில் காலை மாற்றி மாற்றி நிற்கிறது. மாசாத்தியாரின் பேடைக்கோழி மாலை நேரத்தில் வேலியோரம் காட்டுப்பூனை வரக்கண்டு, குஞ்சுகளைக் கூவி அழைத்துத் தவிக்கிறது. கோழி வளர்த்த வீட்டுப் பெண் ஒருத்தி கேட்டறிந்த கூவல் அது. ஏட்டில் படித்து எழுதியதாகத் தோன்றவில்லை.

தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்கள் ஒன்பதினைத் தருகிறது. ஆட்டின் இளமை மறி; பூனை இனத்தின் இளமை குட்டி; நாயின் இளமை குருளை. நாயைக் குட்டி என்பதற்கும் விலக்கில்லை. இன்று குட்டி என்னும் ஒரு சொல்லே எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. குருளை புலியிடம் எஞ்சியிருக்கிறது. நம் பள்ளிகளில் சாரணர் இயக்கத்துச் சிறுவர்களிடமும் எஞ்சியிருக்கிறது! உயிர்களோடு நெருங்கி வாழ்ந்த சமுதாயம் தனித்தனிப் பெயர் வைத்திருந்தது. நெருக்கம் குறையவே பெயரும் குறைந்தது எனலாம்.

இனி, எவ்வுயிருக்கு வீட்டின் எப்பகுதி என்பது தனி ஆய்வுக்குரியது. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் அந்தணர் இல்லத்தில் நாயும் கோழியும் நெருங்குவதில்லை. கிளி மட்டும் மறையோசை பயில்கிறது. நம் உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் உள்ள முஸ்லிம் இல்லங்களில் இப்பங்கீடு வேறு வகையாக அமைந்துள்ளது. பூனைக்கு அடுப்படி வரை உரிமை உண்டு. கோழிக்கும் ஆட்டுக்கும் கொல்லைப்புறம். நாய்க்குத் தோட்டம். பூனை வாய்வைத்த நீர் தூய்மை கெடுவதில்லை என்பதும், அது வீட்டில் நம்மைச் சுற்றிவரும் உயிர் என்பதும் நபிமொழியால் அறியப்படுவன. அபூஹுரைரா என்னும் நபித்தோழரின் பெயரே பூனைக்குட்டியோடு தொடர்புடையது. வேட்டைக்கும் மந்தைக்கும் பயிர்க்காவலுக்கும் நாய் வளர்க்க இசைவு உண்டு. காரணமின்றி வீட்டினுள் வைத்தலே தவிர்க்கப்பட்டது. இதனை நாயின்மேல் வெறுப்பு என்று சிலர் பொருள்கொள்வது பிழை. குகைத்தோழர் வரலாற்றில் வாயிலில் முன்கால் நீட்டிக் கிடந்த நாயைத் திருக்குர்ஆன் குறிப்பிடுகிறது. தாகித்த நாய்க்குத் தன் காலணியில் நீர் முகந்து கொடுத்தவர் மன்னிக்கப்பட்டார் என்பதும், பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியாற் கொன்ற பெண் தண்டனைக்கு உள்ளானாள் என்பதும் நாம் சிறுவயதிலேயே மதரசாவில் கேட்ட செய்திகள். திராட்சைத் தோட்டமும் ஏலத்தோட்டமும் உடைய நம் மக்கள் நாயைப் பேணாமல் இருந்ததே இல்லை.

நாய் என்றவுடன் கோம்பையைப் பேசாமல் இப்பள்ளத்தாக்கில் எவரும் கடக்க இயலாது. உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள ஊர் கோம்பை. அவ்வூர்ப் பெயராலேயே ஒரு நாயினம் வழங்குகிறது. செவலை உடல், குட்டை மயிர், கறுத்த முகவாய், வலிய தாடை ஆகியன அதன் அடையாளங்கள். இராசபாளையம் வெண்மையும் உயரமும் உடையது; சிப்பிப்பாறை மெலிந்து ஓட்டத்திற்கென்றே அமைந்தது; கோம்பையோ காவலுக்கு உரியது. 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை நாயினங்களுக்கு அஞ்சல் தலைகள் வெளியிட்டபோது இராசபாளையம் இடம்பெற்றது, கோம்பை இடம்பெறவில்லை. 2020 ஆகஸ்டில் பிரதமரின் ‘மனதின் குரல்’ வானொலி உரையில் இராசபாளையம், கன்னி, சிப்பிப்பாறை ஆகியவற்றோடு கோம்பையும் பெயர்சொல்லிப் பாராட்டப்பெற்றது. நம் ஊர்ப்பெயர் நாடெங்கும் ஒலித்ததில் நமக்கெல்லாம் மகிழ்ச்சியே.

ஆயினும் புகழுக்கு ஒரு விலை உண்டு. ஓர் உயிருக்குப் புகழ் வந்தால் அந்த விலையை அவ்வுயிரே செலுத்துகிறது. கோம்பை, தான் அறிந்த சிலரை மட்டும் நம்பும். அயலாரை எளிதில் ஏற்காது. ஓடுவதற்கு இடமும், செய்வதற்கு வேலையும் வேண்டும். அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் கட்டினால் இரவெல்லாம் குரைக்கும், அஞ்சல்காரரைக் கடிக்கும், ஓராண்டில் உரிமையாளர் சலித்து, வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே இறக்கிவிடுவார். கறுத்த மூக்குடைய செவலைக் குட்டியெல்லாம் கோம்பையென்று விற்கப்படுவதும் உண்டு. இனத்தைக் காப்போம் என்று மேடையில் பேசுவோர், முதலில் தோட்டம் இல்லாதவருக்குக் குட்டி கொடுப்பதில்லை என்று உறுதிகொண்டால் போதும் என்பது என் எண்ணம்.

மலையடிவாரத்தில் நாய் வளர்ப்போர் வேறொரு துயரையும் அறிவர். மேகமலை 2009இல் வன உயிரினச் சரணாலயமாகவும், 2021இல் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் அறிவிக்கப்பெற்றது. காட்டுயிர்கள் பிழைத்தன, நல்லதே. ஆனால் சிறுத்தைக்கு நாய் விருப்பமான இரை. காலையில் தோட்டத்துக்குப் போனால் சங்கிலி மட்டும் கிடக்கும். யாரிடம் முறையிடுவது? சிறுத்தையின் மேலும் குற்றமில்லை.

செலவு என்றால் பலரும் தீனிச் செலவையே நினைப்பர். அது சிறிது. உண்மையான செலவு தடுப்பூசியிலும், அதைத் தவறவிட்டால் வருவதிலும் உள்ளது. நாய்க்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி தொடங்கி, ஆண்டுதோறும் தொடரவேண்டும். தவறினால் கடிபட்டவர் முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என நான்கு முறை மருத்துவமனைக்குப் போகவேண்டும். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். ஆனால் விடியற்காலையில் ஜீப் ஏறிக் கம்பம்மெட்டு வழியாக ஏலக்காட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது நான்கு நாட்கூலி. கடித்த இடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவவேண்டும் என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்க. மஞ்சளும் மிளகாய்ப்பொடியும் அப்புதல் கூடாது. நோய் தலைகாட்டிய பின் மீட்சி அரிதினும் அரிது. லூயி பாஸ்டர் 1885இல் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு இவ்வூசியைச் செலுத்தினார்; குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907இல் அமைந்தது. நூறாண்டுக்கும் மேலாக மருந்து நம் அருகிலேயே இருந்தும் உயிர்கள் போகின்றன என்பதே வேதனை.

கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கூண்டு காலியாகிவிடும். இராணிக்கெட் நோய் என்பதும் இதுவே. வெயில் ஏறுமுன்னரே, பிப்ரவரித் திங்களில் கால்நடைத் துறையினர் தடுப்பூசி முகாம் நடத்துகின்றனர். நாலு கோழிக்கு யார் போய் வரிசையில் நிற்பது என்று இருந்துவிடுகிறோம். ஆடு மாடுகளுக்கு நோய் கண்டால் 1962 என்னும் எண்ணை அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். தேனியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் 2020இல் தொடங்கப்பெற்றது. எங்கள் அத்தா காலத்தில் வசதி இவ்வளவு இல்லை. ஆட்டுக்கு நோயென்றால் வேப்பெண்ணெயும் துஆவும்தான்.

கிளியைப் பற்றி ஒரு சொல். பச்சைக்கிளி வளர்த்தல் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இலக்கியத்தில் கிளி எவ்வளவு பேசினாலும் கூண்டு கூண்டுதான்.

இவ்வளவும் சொல்லிவிட்டுக் குர்பானி ஆட்டைப் பேசாது விடுதல் நேர்மையாகாது. பெருநாளுக்குப் பல திங்கள் முன்னரே மறியாக வாங்கிக் கொல்லையில் கட்டி வளர்க்கும் வீடுகள் நம்மிடையே இன்றும் உள. அகத்திக் கீரையும் கொடுக்காய்ப்புளித் தழையும் ஒடித்துப் போடுவது பிள்ளைகள் வேலை. ஓராண்டு நிறைந்திருக்க வேண்டும். குருடோ நொண்டியோ நோயோ மெலிவோ இருத்தலாகாது. ஆகவே அதனை நன்கு பேணியே ஆகவேண்டும். நன்கு பேணினால் அன்பு பிறவாமல் இராது. “குர்பானி ஆட்டுக்குப் பேர் வைக்காதீங்க” என்று எங்கள் நன்னி எச்சரிப்பார். பிள்ளைகள் கேட்பார்களா? பெயர் வைப்பார்கள், பள்ளிவிட்டு வந்ததும் அதன் கழுத்தைக் கட்டிக்கொள்வார்கள், பெருநாள் காலையில் புத்தாடை அணிந்தபடி கதவுக்குப் பின்னால் நின்று அழுவார்கள். இறைச்சி மூன்று பங்காகி உறவினர்க்கும் ஏழையர்க்கும் போய்ச்சேரும்; அந்தப் பிள்ளை அன்று சோறு தொடாது.

அப்பிள்ளையைச் சிலர் அதட்டுகின்றனர். ஈமான் குறைந்தவன் என்று கேலியும் செய்கின்றனர். நான் இதனை உடன்படுவதில்லை. விலங்கின் முன்னே கத்தியைத் தீட்டலாகாது என்று நபிகளார் தடுத்திருப்பதன் பொருள் என்ன? அதற்கும் அச்சம் உண்டு, அதனை மதியுங்கள் என்பதன்றோ? விலையில்லாத பொருளைக் கொடுப்பது தியாகமாகாது. அவ்வீட்டில் அன்று உண்மையில் எதையோ கொடுத்தவர் யார் என்று பார்த்தால், பணம் கொடுத்த தந்தையைக் காட்டிலும் கதவுக்குப் பின்னால் நிற்கும் அந்தச் சிறுவனே என் கண்ணுக்குத் தெரிகிறான். பெரியோர்கள் இதனைச் சிந்திக்க வேண்டுகிறேன்.

உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ பாடியுள்ளார். வேடன் வலையில் அகப்பட்ட பெண்மான், கன்றுக்குப் பாலூட்டி வருவதாகச் சொல்ல, நபிகளார் அதற்குப் பிணை நிற்கின்றார். மானும் சொற்பிறழாமல் திரும்புகிறது. வகுப்பில் இப்படலத்தை நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் மானின் வாய்மையையே வியப்பர். ஒரு விலங்கின் சொல்லுக்கு மனிதர் ஒருவர் பிணையாக நின்றதன்றோ அதனினும் வியப்பு!

இறந்த உயிருக்காக வருந்துதல் பற்றியும் ஒரு செய்தி உண்டு. எங்கள் தெருவில் ஓர் அம்மையார், மக்கள் மூவரும் வளைகுடா நாடுகளுக்குப் போய்விட்ட வீட்டில், ஒரு பூனையோடு பதினோராண்டு வாழ்ந்தார். குமுளி நெடுஞ்சாலையில் வண்டி ஏறி அது இறந்தது. துக்கம் விசாரிக்கச் செல்வதா வேண்டாவா என்று அண்டை வீட்டார் தயங்கினர். பூனைக்குப் போய் விசாரிப்பா என்று ஒருவர் சிரித்தார். அவருக்கு நான் நபிமொழி ஒன்றைச் சொன்னேன். அனஸ் அவர்களின் தம்பியான சிறுவன் ஒரு சிட்டுப்பறவையை வளர்த்தான். அது இறந்துபோக, வாடியிருந்தான். நபிகளார் அவனை அபூ உமைர் என்று பெரியவர்க்குரிய முறையில் விளித்து, நுகைருக்கு என்ன ஆயிற்று என்று வினவினார்கள். அரபியில் உமைர், நுகைர் என்னும் சொற்கள் ஈற்றில் ஒத்து, நம் யாப்பில் இயைபு என்பதுபோல் அமைகின்றன. மூன்றாமாண்டு மாணவர்களிடம் அவ்வினாவைத் தமிழாக்கித் தரச் சொன்னேன். பலரும் இயைபைப் பிடிக்க முயன்று சிட்டு, பட்டு, மொட்டு என்று அடுக்கினர். ஒரு மாணவி மட்டும் ஓசையை விட்டுவிட்டு, “உன் குருவி எப்படி இருந்துச்சு, சொல்லேன்” என்று எழுதியிருந்தாள். அம்மையார் வீட்டுக்கு மறுநாள் மாலை நாங்கள் நால்வர் சென்றோம். அவர் அசர் தொழுகை முடித்து, மக்ரிப் பாங்கு ஒலிக்கும் வரை, அந்தப் பூனை ஏழு வீடு மாற்றிக் குட்டிகளைக் கொண்டுபோய் வைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.