முதிய நாய்களும் கைவைத்தியமும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட ஸ்ரீரங்கத் தீவில், வாழைத் தோட்டங்களைக் காக்கும் நாய்களுள் பத்து வயது கடந்தவற்றையும் காணலாம். மூப்பினால் கண் மங்கும், பல் தேயும், காலையில் பின்னங்கால்கள் விறைத்து நிற்கும். உலர்ந்த சாக்குப் படுக்கையும், இரு வேளையாகப் பிரித்திட்ட குழைந்த உணவும், குறைந்த தூர நடையும் இவற்றிற்கு இதமளிக்கும். ஆனால் தண்ணீர் மிகுதியாகக் குடித்து உடல் மெலியுமாயின் அது வெறும் மூப்பன்று. சிறுநீரக வியாதியாகவோ நீரிழிவாகவோ இருத்தல் கூடும்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு குடியானவர், மாட்டின் கோமாரி வாய்ப்புண்ணுக்கு அரைத்த மருந்தையே தம் பன்னிரண்டு வயது நாய்க்கு முடக்குத் தீருமென்றெண்ணி ஐந்து நாள் ஊட்டினார். சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள், பூண்டு, வெல்லம், தேங்காய் சேர்ந்த அம்மருந்து, 1989-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் மாடுகளுக்கென்று பரவச் செய்தது. மாட்டுக்கு அது நன்றே. நாய்க்கோ பூண்டும் வெங்காயமும் இரத்தத்தின் சிவப்பணுக்களைச் சிதைப்பன. சமைப்பினும் உலர்த்தினும் அக்குணம் நீங்காது. தினமும் சிறிது சிறிதாகக் கொடுத்தாலும் தீங்கு சேர்ந்துகொண்டே போகும்.

நான் சென்றபோது நாயின் ஈறு வெளுத்திருந்தது. மூத்திரம் காப்பி நிறமாயிருந்தது. திருச்சிராப்பள்ளிக்கு வண்டியில் கொண்டுபோனோம், பிழைத்தது. பூண்டு கொடுத்ததை மருத்துவரிடம் சொல்ல அவர் வெகுநேரம் கூசினார். பாதி நாழிகை அதிலேயே வீணாயிற்று!

முடக்குக்கு வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒத்தடம் கொடுப்பதை நான் தடுப்பதில்லை. மனிதர் விழுங்கும் வலி மாத்திரைகளை மட்டும் நாய்க்குக் கொடுக்கவே கூடாது. மருத்துவரிடம் செல்கையில், வீட்டில் கொடுத்த மருந்தின் மிச்சத்தையும் ஒரு பொட்டலத்தில் கட்டி எடுத்துச் செல்க.