பயனுறுதிறன் 140 சதவீதம் வருமா?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகளின் இயற்பியல் செய்முறைக்காக, 50 கிலோ மரப்பெட்டி ஒன்றைச் சாய்வுப் பலகை வழியாக லாரியில் ஏற்றி அளந்து பார்த்தோம். பலகையின் நீளம் 3 மீட்டர், லாரித் தளத்தின் உயரம் 1.2 மீட்டர். பலகைக்கு இணையாகக் கயிற்றைப் பிடித்துச் சீரான வேகத்தில் இழுத்தபோது சுருள்வில் தராசு 350 நியூட்டன் காட்டியது. பெட்டியின் எடை 490 நியூட்டன். 490-ஐ 350-ஆல் வகுத்தால் 140 சதவீதம் வருகிறது. பயனுறுதிறன் 100-ஐத் தாண்டாதே, எங்கே தவறினோம்?

- வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் அளவுகளில் பிழையில்லை. நீங்கள் விசையை விசையால் வகுத்திருக்கிறீர்கள். அப்படிக் கிடைத்த 1.4 என்பது இயந்திர லாபம். பயனுறுதிறனுக்கு வேலையை வேலையால் வகுக்க வேண்டும். விசையை, அதன் திசையில் நகர்ந்த தூரத்தால் பெருக்கினால் வேலை.

பெட்டி உயர்ந்ததால் கிடைத்த பயன்: 490 × 1.2 = 588 ஜூல்.
நீங்கள் செலுத்திய வேலை: 350 × 3 = 1,050 ஜூல்.
பயனுறுதிறன்: 588 ÷ 1,050 = 0.56, அதாவது 56 சதவீதம்.

மீதி 462 ஜூல் பெட்டிக்கும் பலகைக்கும் இடையிலான உராய்வில் வெப்பமாகப் போய்விட்டது. உராய்வே இல்லையென்றால் 196 நியூட்டன் விசை போதும். கூடுதலாக நீங்கள் இழுத்த 154 நியூட்டனும் உராய்வுக்கானது.

பெட்டியை நேராகத் தூக்கினால் 588 ஜூல்தான் செலவு. ஆனால் 490 நியூட்டனையும் ஒரே மூச்சில் தாங்க வேண்டும். பலகை விசையைக் குறைக்கிறது, வேலையைக் குறைப்பதில்லை. எந்த எளிய இயந்திரமும் இதற்கு விலக்கல்ல.

பெட்டிக்கு அடியில் உருளைக் கட்டைகள் வைத்து மறுபடி அளந்து பாருங்கள், பயனுறுதிறன் கூடும். ஆனால் கவனம் தேவை. சாய்தளத்தில் பயனுறுதிறன் 50 சதவீதத்தைத் தாண்டினால், பிடி விட்டு நழுவத் தொடங்கும் பெட்டியை உராய்வால் நிறுத்த முடியாது. இப்போதே 56 என்பதால் பெட்டிக்குக் கீழே யாரும் நிற்க வேண்டாம்.

கார் டயர் மாற்ற உதவும் திருகு ஜாக்கியில் இதே விதி நமக்குச் சாதகமாகிறது. அதன் பயனுறுதிறன் 50-க்குக் கீழ் இருப்பதால்தான், கைப்பிடியை விட்டாலும் கார் இறங்குவதில்லை. ஆகவே உங்கள் மகள் சதவீதத்தைக் கணக்கிட்டதோடு நிறுத்தாமல், அந்த இழப்பு எங்கே போகிறது, யாருக்கு உதவுகிறது என்பதையும் எழுதட்டும். அப்போதுதான் செய்முறை முழுமையாகும்.