குணமா, கோளாறா?

கேள்வி: லண்டனுக்கு மேற்கே, தேம்ஸ் ஆற்றை ஒட்டி வசிக்கிறோம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் படகு வாங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. 2001-இல் கட்டிய 29 அடி ஃபைபர் மோட்டார் க்ரூஸர் ஒன்றைத் தென்கரையில் பார்த்தோம். ஒற்றை டீசல் என்ஜின், ஸ்டெர்ன் டிரைவ். மாடியிலும் ஸ்டியரிங் உண்டு. கடலில் ஓட்டிக் காட்டினார்கள். மெதுவாகப் போனால் மூக்கு இங்கும் அங்கும் அலைகிறது. வேகமெடுத்தால் இடப்பக்கம் சாய்கிறது. பின்தளத்தில் ஓரிடத்தில் கால் வைத்தால் மெத்தென்று அமுங்குகிறது. "எல்லாப் படகும் இப்படித்தான் சார்" என்கிறார் விற்பவர். உள்ளே மெத்தையும் திரைச்சீலையும் புத்தம் புதிது. மைத்துனர் உடனே முடிக்கச் சொல்கிறார். வாங்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஸ்டெயின்ஸ், இங்கிலாந்து

பதில்: மைத்துனரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்று அந்தப் படகின் குணம். ஒன்று கோளாறு. இன்னொன்று இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். விற்பவர் மூன்றையும் ஒரே கூடையில் போட்டு "இப்படித்தான்" என்று மூடிவிட்டார்.

மூக்கு அலைவதிலிருந்து தொடங்குகிறேன். ஸ்டெர்ன் டிரைவ் படகில் தனியாகச் சுக்கான் கிடையாது. என்ஜின் உள்ளே இருக்கும்; வெளியே தொங்கும் கால்தான் புரொப்பெல்லரையும் சுழற்றும், திசையும் திருப்பும். வோல்வோ பென்டா 1959-இல் இந்த ஏற்பாட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வேகமாக ஓடும்போது அருமையானது. மெதுவாகப் போகும்போது புரொப்பெல்லர் தள்ளும் நீர் குறைவு, திருப்பும் பலமும் குறைவு. நியூட்ரலில் போட்டால் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அதோடு அடிப்பாகம் ஆங்கில 'வி' எழுத்துப்போல் ஆழமாக இருந்து, நேர்கோட்டில் பிடித்து நிறுத்த நீளமான ஏராவும் இல்லையென்றால் படகு அலையத்தான் செய்யும். புதிதாக ஓட்டுபவர்கள் ஒவ்வோர் அலைச்சலுக்கும் ஸ்டியரிங்கைச் சுற்றி, அதை இரட்டிப்பாக்கிவிடுவார்கள். சக்கரத்தை நடுவில் வைத்துக்கொண்டு, மூக்கு தானாகத் திரும்பி வருகிறதா என்று ஒரு கணம் பொறுத்துப் பாருங்கள். பாதி அலைச்சல் அடங்கிவிடும்.

அடங்காத மீதிக்குத் தேய்மானம் காரணமாக இருக்கலாம். படகைக் கரையேற்றியதும் அந்தக் காலின் அடிநுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். உள்ளே ஸ்டியரிங் சக்கரம் அசையாதபோது கால் மட்டும் கடகடவென்று ஆடினால் உள்ளிருக்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. பழுது பார்க்கலாம், ஆனால் சில்லறைச் செலவு அல்ல.

அடுத்தது சாய்வு. இதற்குக் காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஒரே வேகத்தில் ஒரு திசையில் ஓடுங்கள், பிறகு அதே பாதையில் திரும்பி வாருங்கள். போகும்போது இடப்பக்கமும் வரும்போது வலப்பக்கமும் சாய்ந்தால் காரணம் காற்று. பக்கக்காற்று மூக்கைத் தள்ளும். அதைச் சமாளிக்க நீங்கள் காற்றை நோக்கி ஸ்டியரிங்கைத் திருப்புவீர்கள். படகும் காற்றின் பக்கமே சாயும். காற்று தள்ளுகிற பக்கம் சாயாமல் எதிர்ப்பக்கம் சாய்வது முதலில் வியப்பாக இருக்கும். ஆழமான 'வி' அடிப்பாகமும் காற்றைப் பிடிக்கும் மாடியும் உள்ள படகுகளில் இது சாதாரணம். படகின் பின்புறம் ஏற்றி இறக்கும் தகடுகளுக்கு டிரிம் டேப் என்று பெயர்; சாயும் பக்கத்து டேபைக் கொஞ்சம் கீழே இறக்கினால் நிமிர்ந்துவிடும்.

எந்தத் திசையில் போனாலும் இடப்பக்கமே சாய்ந்தால் விஷயம் வேறு. அந்தப் பக்கத்து டேப் மேலேயே சிக்கிக்கொண்டிருக்கலாம். பாட்டரி, தண்ணீர்த் தொட்டி, டீசல் தொட்டி எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்திருக்கலாம். ஒற்றைப் புரொப்பெல்லரின் முறுக்கு விசையும் ஓரளவு சாய்க்கும். எதிரெதிராகச் சுழலும் இரட்டைப் புரொப்பெல்லர் 1982-இல் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இவை எதுவும் இல்லையென்றால், இருக்கக் கூடாத இடத்தில் தண்ணீர் இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். தளத்துக்கு அடியில் அடைத்த ஃபோம் ஆண்டுக்கணக்கில் ஊறிப்போய்ப் படகையே கனமாக்கிவிடும். துறையில் சும்மா நிற்கும்போது தண்ணீர் மட்டக் கோட்டைப் பாருங்கள். ஒரு பக்கம் வர்ணக்கோடு முங்கியும் மறுபக்கம் வெளியே தெரிந்தும் இருந்தால் படகே பதில் சொல்லிவிட்டது.

இனி அந்த மெத்தென்ற இடம். என்னைக் கேட்டால் பேச வேண்டியதே இதைத்தான். ஃபைபர் தளம் பெரும்பாலும் மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல், நடுவில் பிளைவுட் அல்லது பால்சா மரம். கட்டிய நாளில் கல் மாதிரி இருக்கும். பிறகு யாரோ ஒரு நாற்காலியைத் திருகாணி போட்டு இறுக்குவார், ஓட்டையின் ஓரத்தை அடைக்க மாட்டார். மழைநீர் அந்த வழியாக இறங்கி மரத்தை உளுக்க வைக்கும். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் 'டக் டக்' என்று கூர்மையாக ஒலிக்கும், உளுத்த இடம் மொத்தென்று கேட்கும். மொத்தொலி கேட்கிற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே போங்கள். கால் அமுங்கியது உள்ளங்கை அளவு. வட்டமோ பெரும்பாலும் சாப்பாட்டு மேசை அளவு வரும்.

தளம் மட்டும் உளுத்திருந்தால் விலை குறைத்துப் பேசலாம். அதற்குக் கீழே நீளவாட்டில் ஓடும் தாங்குசட்டங்களும் என்ஜினைத் தாங்கும் பின்சுவரும் ஊறியிருந்தால் விலை பேசவே வேண்டாம், விட்டுவிடுங்கள். பின்சுவரில் பெரிய துளை வெட்டித்தான் ஸ்டெர்ன் டிரைவைப் பொருத்துகிறார்கள். அந்த வெட்டு விளிம்பு வழியாகவும் நீர் ஏறும். வெளிக்காலை மேலும் கீழும் அழுத்தமாக அசைக்கச் சொல்லி, அதைச் சுற்றியுள்ள சுவரைக் கவனியுங்கள். சுவரும் சேர்ந்து அசையக் கூடாது. என்ஜின் அறையில் டார்ச் அடித்து, தாங்குசட்டங்களில் தண்ணீர் வடியத் துளைத்த ஓட்டைகளைப் பாருங்கள். ஓரத்தில் ரெசின் பூசாமல் வெறும் மரம் தெரிந்தால், கட்டியவரின் அவசரம் அங்கேயே எழுதியிருக்கிறது. படகின் தரத்தை வரவேற்பறையில் தேடாதீர்கள். அலமாரிக்குள், பிரித்தால் மட்டுமே தெரிகிற மூலையில் தேடுங்கள். புது மெத்தை வாங்கிப் போட்டவர் எதை மறைக்கிறார் என்று கேட்பது என் கெட்ட பழக்கம். பல முறை அந்தப் பழக்கம் பலித்திருக்கிறது.

அந்த வெளிக்கால் பின்சுவரோடு சேரும் இடத்தில் பெல்லோஸ் எனப்படும் ரப்பர் உறை இருக்கும். அது கிழிந்தால் படகு துறையில் கட்டியபடியே முங்கலாம். கடைசியாக மாற்றிய ரசீது எங்கே என்று கேளுங்கள்.

மறுபடி ஓட்டிப் பார்க்கப் போகும்போது சொல்லாமல் கொள்ளாமல் கொஞ்சம் முன்னதாகப் போய், என்ஜின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த என்ஜினைக் கிளப்புவதில் ஏதோ சங்கடம் இருக்கலாம். தொட்டிகளை நிரப்பி, நாலு பேரை ஏற்றி, முழு வேகத்தில் சில நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். தயாரிப்பாளர் குறித்த உச்ச ஆர்பிஎம் வராமல் கரும்புகை தள்ளினால் அடியில் பாசி, பொருந்தாத புரொப்பெல்லர், கூடுதல் எடை இவற்றில் ஒன்று என்ஜினை நெருக்குகிறது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. எங்கே ஓட்டப் போகிறீர்கள்? உங்கள் ஊர்ப் பக்கம், அதாவது டெடிங்டனுக்கு மேலே, தேம்ஸில் வேக வரம்பு மணிக்கு 8 கிலோமீட்டர். கடலில் பறப்பதற்கென்று கட்டிய படகை அங்கே காலம் முழுக்க நடத்தியே கூட்டிப் போவீர்கள். நீங்கள் முறையிட்ட அந்த அலைச்சலோடுதான் தினமும் வாழ்வீர்கள். ஆற்றோடு நிற்பதென்றால் அடியில் ஏராவும் தனிச் சுக்கானும் உள்ள நிதானமான படகைத் தேடுங்கள். மைத்துனருக்குப் பிடிக்காது.

கேள்வி: அடிப்பாகத்தில் கொப்புளம் இருந்தால் அந்தப் படகைத் தொடவே கூடாது என்கிறார்களே?
– சவுத்தாம்ப்டன் வாசகி

பதில்: அவ்வளவு பயம் வேண்டாம். ஃபைபருக்குள் நீர் ஊடுருவி, அங்குள்ள ரசாயனங்களோடு சேர்ந்து அமிலமாகி, ஜெல்கோட் என்ற மேற்பூச்சைத் தள்ளி எழுப்புவதுதான் ஆஸ்மோசிஸ். கொப்புளத்தைக் குத்தினால் வினிகர் நெடி அடிக்கும். சில கொப்புளங்களால் படகு முங்கிப்போவதில்லை. முழுச் சிகிச்சை என்றால் ஜெல்கோட்டை உரித்து, மாதக்கணக்கில் காயவைத்து, எபாக்ஸி பூச வேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். நான் இதைவிட அஞ்சுவது நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் மலிவான பித்தளை வால்வுக்கு. சுரண்டும்போது மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் துத்தநாகம் கரைந்துபோய் வெறும் கூடுதான் மிச்சம். ஒரு உதை போதும்.

கேள்வி: விற்பவரிடம் போட் சேஃப்டி ஸ்கீம் சான்றும் சிறு கப்பல் பதிவும் இருக்கின்றன. படகில் 'பி' வகை என்ற தகடும் உண்டு. தனியாக சர்வேயர் எதற்கு?
– ரெடிங் வாசகர்

பதில்: நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்தச் சான்று எரிவாயு, மின்சாரம், தீ போன்ற ஆபத்துகளைப் பார்க்கிறது. உடல் உளுத்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை. சிறு கப்பல் பதிவு உரிமைப் பத்திரம் அல்ல; முந்தைய விற்பனைப் பத்திரங்களைச் சங்கிலியாகக் கேட்டு வாங்குங்கள். 'பி' என்பது காற்றின் வேக அளவுகோலில் 8-ஆம் எண் வரையும் 4 மீட்டர் அலை வரையும் தாங்கும்படி வடிவமைத்தது என்று பொருள். புதிதாக இருந்த நாளின் கணக்கு அது. உடலில் பொறித்த 14 எழுத்து எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் மாடல் ஆண்டு; விளம்பரத்தோடு ஒப்பிடுங்கள். சர்வேயரை நீங்களே தேடிக்கொள்ளுங்கள், விற்பவர் சொல்லும் ஆள் வேண்டாம். படகு தண்ணீரில் மிதக்கும்போது பார்த்து எழுதித் தருகிறேன் என்று சொல்பவரும் வேண்டாம்.