எங்கே தொடங்கினாலும் விடை வந்துவிடுமா?

நம்பிக்கை: சூத்திரத்தில் கிடைப்பதே சரியான விடை, திரும்பத் திரும்பக் கணக்கிட்டுப் பெறுவது வெறும் தோராயம்.

உண்மை: ஐந்தாம் படிச் சமன்பாடுகளை வர்க்கமூலம், கனமூலம் போன்றவற்றால் தீர்க்கும் பொதுச் சூத்திரம் கிடையாது என்று ஏபெல் 1824-லேயே நிறுவிவிட்டார். சூத்திரம் உள்ள இடத்திலும் √2 என்று எழுதிவிடலாம்; ஆனால் அதன் இலக்கங்கள் வேண்டுமென்றால் கணக்கிட்டுத்தான் ஆகவேண்டும். ஒரு மதிப்பில் தொடங்கி அதைத் திரும்பத் திரும்பத் திருத்திச் செல்லும் நியூட்டன்–ராப்சன் முறையில் 1-இலிருந்து தொடங்கினால் 1.5, 1.4167, 1.4142157 என்று போய், நான்காவது படியிலேயே 1.41421356237 வந்துவிடுகிறது. 11 தசம இடங்களும் சரி! இதைத் தோராயம் என்று ஒதுக்குவது அநியாயம்.

நம்பிக்கை: இந்த முறைக்குப் பாடநூலில் உள்ள வடிவம் நியூட்டன் எழுதியது.

உண்மை: 1669-இல் அவர் x³ − 2x − 5 = 0 என்பதைத் தீர்த்தபோது படிக்கொரு புதுச் சமன்பாடு எழுதினார். ராப்சன் 1690-இல் அதை எளிமையாக்கினார். வகைக்கெழுவை வைத்துப் பொதுவாக்கியவர் சிம்ப்சன், 1740-இல்.

நம்பிக்கை: எந்த மதிப்பில் தொடங்கினாலும் விடை வந்துவிடும்.

உண்மை: x³ − 2x + 2 = 0 என்பதை எடுத்துக்கொண்டு 0-இல் தொடங்கிப் பாருங்கள். அடுத்த மதிப்பு 1. அதற்கடுத்தது மீண்டும் 0. ஆயிரம் படி போட்டாலும் இந்த இரண்டுக்குள்ளேயேதான் சுற்றும். −2-இல் தொடங்கினாலோ −1.8, −1.77 என்று உடனே மூலத்தை நெருங்கிவிடுகிறது. தொடக்க மதிப்பைத் தேர்வதுதான் இந்த முறையின் உயிர்நாடி. தேர்வுத்தாளிலோ பெரும்பாலும் அதைக் கேள்வியிலேயே கொடுத்துவிடுகிறார்கள்; கற்க வேண்டிய இடம் அப்படியே கைநழுவிப்போகிறது.

நம்பிக்கை: சார்பின் மதிப்பு பூஜ்யத்தை நெருங்கிவிட்டால் மூலத்தை நெருங்கிவிட்டோம்.

உண்மை: இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது, ஏனென்றால் கணினி நிரல்கள் பலவும் இதைப் பார்த்தே நிற்கின்றன. xe⁻ˣ = 0 என்பதற்கு மெய்யெண்களில் ஒரே மூலம், 0. 2-இல் தொடங்கினால் 4, 5.33, 6.56 என்று விலகிக்கொண்டே போகிறது. சார்பின் மதிப்போ 0.27, 0.073, 0.026, 0.009 என்று சமர்த்தாகக் குறைகிறது. 0.01-க்குக் கீழே வந்தால் போதும் என்று நிரல் எழுதியவருக்கு 6.56-தான் விடை! முதலில் குறி மாறும் இரு இடங்களைத் தேடியிருக்க வேண்டும்: இந்தச் சார்பு −1-இல் எதிர்க்குறி, 1-இல் நேர்க்குறி. ஆக, மூலம் இடையில்தான் இருக்கிறது. அங்கே 0.5-இல் தொடங்கினால் −0.5, −0.167, −0.024, −0.0006 என்று மூலத்தை நெருங்கிவிடுகிறது.